காதுக்குக் கேட்காத கோளாறு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜி.ஏ. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் வீடு. ஆட்டோ உள்ளே வந்தால் எதிரில் வருபவர் ஏதாவது ஒரு வீட்டுப் படியேறித்தான் வழிவிட வேண்டும். போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கம்பக்கத்து ஜனம் பத்துப் பேர் கூடி நிற்க, என் சைக்கிளின் த்ராட்டிலை மெல்லத் திருகினேன். சக்கரம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். ம்ஹூம். ஹேண்டில்பாரில் இருந்த சின்ன விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா, கரண்டு பில்லு கட்டலியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது? திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 34 வருஷம் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

எல்லாம் முழங்கால் செய்த வேலை. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவதும், காலடிப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய் பேரனைப் பார்ப்பதும் எனக்கு எப்போதும் சைக்கிளில்தான். 2019-ல் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. நல்ல வசதி. ஆனாலும் மீன் பையோடு அந்தக் குளிர்பெட்டிக்குள் ஏறி நிற்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்கூட்டர் வாங்கினால் நிறுத்த சந்தில் இடமில்லை. மாடிப்படிக்கு அடியில், மகள் பதினோராம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி சும்மா கிடந்தது. பெண்கள் ஓட்டும் வண்டி. குறுக்குக் கம்பி இல்லை. காலைத் தூக்கிப் போடத் தேவையில்லாததால் என் முழங்காலுக்கு அதுதான் ராஜரதம். அதற்கு 18,500 ரூபாயில் ஒரு மின்சாரக் கிட் வரவழைத்தேன்.

பெட்டியில் வந்தவை: உள்ளே மோட்டார் பொதித்த பின்சக்கரம், கன்ட்ரோலர், த்ராட்டில், இரண்டு பிரேக் லிவர்கள், மிதிப்பதை உணரும் சென்சார், 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, சார்ஜர். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள். அந்தத் தாளில் வரைந்திருந்த சைக்கிள், நம் ஊரில் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை ஓட்டுகிற சைக்கிள். நம் வண்டியில் பெடல் தண்டைக் கொட்டர் பின் அடித்து இறுக்கியிருப்பார்கள். காந்தம் பதித்த வட்டத்தை மாட்ட வேண்டுமானால் அந்தப் பின்னைத் தட்டிக் கழற்ற வேண்டும். தாளில் அப்படி ஒரு சமாசாரமே இல்லை. மோட்டாரின் ஆக்சில் இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாக இருக்கும்; நம் ஃபோர்க்கின் வாய் அதற்குக் குறைவு. அரம் போட்டு ராவ வேண்டும், அதுவும் இம்மி கூடாமல் குறையாமல். இந்த இரண்டு வேலையையும் தெருமுனை சைக்கிள் கடை பாய் செய்து கொடுத்தார். மீதி வயரிங் என் பொறுப்பு. அந்த வயரிங்தான் பத்துப் பேர் முன்னால் என் மானத்தை வாங்கியது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் எனக்கு மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. விற்றவர்களின் உதவி எண்ணில் பேசிய பெண், "கன்ட்ரோலர் போயிருக்கும் சார், கழட்டி கூரியர்ல அனுப்புங்க" என்றார். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கிற ஒருவர் பேட்டரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செல் டெட்டு. புதுசு போட்டுக்குங்க" என்றார். என் தங்கை மகன் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "மாமா, மோட்டார்ல ஹால் சென்சார் காலி" என்றான். மூன்று பேரும் மூன்று பொருளைச் சொன்னார்கள், ஒருவர்கூட மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: மாற்றிப் பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார்: "ஃபியூஸை மாத்துறதுக்கு முன்னாடி அது ஏன் போச்சுன்னு கேளு." சாப்பிட்டு எழுந்ததும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரி. 36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல்களை வரிசையாகக் கோத்தது. முழுச் சார்ஜில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42. என் மீட்டர் 40.6 காட்டியது. டெட்டு என்று சொல்லப்பட்ட ஆள் தெம்பாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்து த்ராட்டில். அதற்கு கன்ட்ரோலரிலிருந்து 5 வோல்ட் வர வேண்டும், வந்தது. கன்ட்ரோலர் முழுக்கச் செத்திருந்தால் அது வராது. த்ராட்டிலைத் திருகும்போது அதன் சிக்னல் ஒயரில் சுமார் 0.8 வோல்ட்டிலிருந்து மேலே ஏற வேண்டும். நாலு வோல்ட்டை நெருங்கும் வரை ஏறியது. அடுத்து ஹால் சென்சார். மோட்டாருக்குள் இருக்கும் மூன்று சின்னக் கண்கள் அவை. சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். மெல்லச் சுற்றினால் ஒவ்வொன்றும் 0, 5, 0, 5 என்று கண்சிமிட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தச் சின்ன மோட்டார்களுக்குள் பல்சக்கரமும் ஒருபக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச்சும் இருக்கும். முன்பக்கம் சுற்றினால் வெளிச்சக்கரம் மட்டும்தான் சுற்றும், உள்ளே ஒன்றும் நகராது. பின்பக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தங்கை மகன் பார்த்த வீடியோவில் இதைச் சொல்லவில்லை. பின்பக்கம் சுற்றினேன். மூன்று கண்களும் சிமிட்டின.

மிச்சம் இருந்தது பிரேக். இந்தக் கிட்டுகளில் பிரேக் லிவருக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். பிரேக்கைப் பிடித்த நொடியில் மோட்டார் நிற்பதற்காக. வலதுபக்க லிவரின் ஒயரைக் கழற்றிவிட்டு த்ராட்டிலைத் தொட்டேன். ஸ்டாண்டில் நின்ற சக்கரம் விர்ரென்று சுற்றி, மண்ணை வாரி என் வேட்டியில் அடித்தது. திருடன் அகப்பட்டான்.

இங்கேதான் நானும் சறுக்கினேன். 'லிவர் ஸ்விட்ச் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டி, 650 ரூபாய்க்குப் புது லிவர் ஆர்டர் போடக் கையில் போனை எடுத்தேன். அந்த நேரம் கடையைப் பூட்டிவிட்டுப் போன பாய், நின்று வண்டியைப் பார்த்தார். அவருக்கு வோல்ட்டும் தெரியாது, ஹாலும் தெரியாது. லிவரை ஒருமுறை பிடித்து விட்டார். மறுபடி பிடித்து விட்டார்.

"சார், லிவரு முழுசா திரும்பலியே. பாருங்க, ஒரு நூலு அளவு நிக்குது."

புது லிவரை மாட்டியபோது மகளின் பழைய பிரேக் கேபிளையே நான் போட்டிருந்தேன். கடல்காற்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்த கேபிள், உறைக்குள் துரு. பிரேக் கட்டை ரிம்மை விட்டு விலகிவிடும், ஆனால் லிவர் கடைசி மூன்று மில்லிமீட்டர் திரும்பாது. ஸ்விட்ச் என்ன செய்யும்? 'ஐயா இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறார்' என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பாய் 40 ரூபாய்க்குப் புதுக் கேபிள் போட்டார். வண்டி ஓடியது. பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார், லிவர் என்று நாலு பொருள்மீது பழி விழுந்திருந்தது, நாலும் நல்ல பொருள். குற்றவாளி ஒரு துருப்பிடித்த கம்பி. அதைப் போட்டவன் நான்.

அன்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று என் மீட்டர் சொல்லியது. ஏன் இருக்கிறது என்று பாயின் கை சொல்லியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் ஏதாவதொன்றை மாற்றியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கோளாறு வந்தது. சமதரையில் வண்டி மீன்குட்டி மாதிரி நழுவிக்கொண்டு போகும். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் பாதியில் செத்துவிடும். இறங்கி அணைத்துப் போட்டால் மறுபடி உயிர் வரும். இப்படிப்பட்ட கோளாறைக் கடையில் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே ஒழுங்காக ஓடித் தொலைக்கும். மீட்டரை இன்சுலேஷன் டேப்பால் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு, இரண்டு தரம் பாலம் ஏறினேன். முதல் தரம் ஒயரைப் பேட்டரி முனையில் பிடித்துப் பார்த்தேன்: ஏற்றத்தில் 35 வோல்ட். இரண்டாம் தரம் கன்ட்ரோலர் முனையில்: 31. அந்த அளவுக்கு இறங்கினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி கன்ட்ரோலர் தானே நிறுத்திவிடும். பேட்டரியில் கிளம்பிய 35, ஒரு முழ ஒயரைத் தாண்டுவதற்குள் 31 ஆகிறது. நடுவில் நாலு வோல்ட்டை எவனோ தின்கிறான்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு கனெக்டர். பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே ஒயரின் இழைகளில் பாதியைக்கூட முனை கவ்வவில்லை. நாலு வோல்ட், ஏற்றத்தில் சுமார் 10 ஆம்பியர். பெருக்கினால் 40 வாட். ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயனின் சூடு அது. ஒவ்வொரு தரம் பாலம் ஏறும்போதும் என் சீட்டுக்கு அடியில், லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சால்டரிங் அயன் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. 'பேட்டரி வீக்' என்ற பேச்சைக் கேட்டுப் புது பேட்டரி வாங்கி அதே கனெக்டரில் செருகியிருந்தால், பணம் போனதோடு விஷயம் முடிந்திருக்காது.

இந்த இரண்டு கதையும் சந்துக்குள் பரவியது. அதன்பின் என் வாசலில் வண்டிகள் வர ஆரம்பித்தன. தண்ணீர் கேன் போடும் ஒரு பையனின் மோட்டார் சுற்றாமல் நடுங்கிக் கத்தியது. ஹால் ஒயரில் ஒரு பின் கனெக்டருக்குள் பின்வாங்கியிருந்தது. ஊசியால் முன்னே தள்ளினேன், சரியானது. அவனிடம் புது மோட்டாருக்கு விலை சொல்லியிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் உதவிக்கு வரவில்லை. காந்த வட்டத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். பின்னால் மிதித்தால் ஓடியது, முன்னால் மிதித்தால் நின்றது. இஸ்திரி வண்டிக்காரர் ஒருவருக்கு மட்டும் என்னால் உதவ முடியவில்லை. ஃபோர்க்கின் வாயை அளவுக்கு மேல் ராவிவிட்டதால் ஆக்சில் தன்னையே சுற்றிக்கொண்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கயிறு முறுக்குவது போல முறுக்கி அறுத்துவிட்டது. ஆக்சில் சுழலாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புப் பட்டையும் பல் வைத்த வாஷரும் போட்டிருந்தால் அந்த மோட்டார் பிழைத்திருக்கும். அப்படி ஒன்று வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் வடசென்னைக்குக் கிட் புதிதா? மீன்பாடி வண்டி என்ன? மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைக் கட்டி, செயின் இழுத்து, ஐஸ் பெட்டியும் மீன் கூடையுமாக ஏற்றிக்கொண்டு காசிமேட்டிலிருந்து கிளம்புகிற வண்டி. சட்டப்படி அது செல்லாது, ஆர்.சி. இல்லை, பிரேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அதைக் கட்டிய கைகளை மறக்க முடியாது. என்பீல்டு புல்லட் 1950-களின் நடுவிலிருந்து திருவொற்றியூரில் உருவான வண்டி. எண்ணூரில் அசோக் லேலண்டு. அந்தப் பக்கம் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். இந்தத் தொழிற்சாலைகளிலும் இவற்றுக்கு வேலை செய்து கொடுத்த சின்னச் சின்னப் பட்டறைகளிலும் பழகிய கைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இன்ஜின் ஓடும்போது ஒரு ஸ்க்ரூட்ரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "பேரிங் போச்சு" என்று சொல்கிற மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். சொன்னது தப்பாது.

மின்சாரக் கோளாறுக்குப் பெரும்பாலும் சத்தம் இல்லை. புகை இல்லை, எண்ணெய் ஒழுகாது, வாசனை வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும். காதால் வைத்தியம் பார்த்த ஊருக்கு இனி காது போதாது, எண் வேண்டும். எந்த ஒயரில் எத்தனை வோல்ட் இருந்தால் நலம், எத்தனைக்குக் கீழே போனால் நோய் என்று தெரிய வேண்டும். அந்த எண்களை வைத்திருப்பவர் விற்கிறவர். அவர் அதைத் தருவதில்லை. என் மனக்குறை முழுக்க இதுதான்: பொருளை விற்கிறீர்கள், அதன் நாடித்துடிப்பை மட்டும் ஏன் உங்களோடு வைத்துக்கொள்கிறீர்கள்?

நான் கேட்பது ஒரு தாள். ஏ4 அளவில், இரண்டு பக்கம், தமிழில். முதல் பக்கத்தில் ஒயர் படம். எந்த நிறம் எதற்கு என்று. ஏனென்றால் நிறத்துக்கு இந்தத் தொழிலில் சட்டம் கிடையாது. ஒரு கிட்டில் பிரேக்குக்கு வரும் நிறம் இன்னொரு கிட்டில் விளக்குக்கு வரும். "அதான் வீடியோ இருக்கே" என்பவர்களுக்கு இதுதான் பதில். வீடியோவில் இருப்பது வேறு ஒருவரின் கிட். இரண்டாம் பக்கத்தில் எண்கள்: பேட்டரி முழுச் சார்ஜில் எவ்வளவு, எதில் நிற்கும், த்ராட்டிலுக்கு எவ்வளவு, ஹாலுக்கு எவ்வளவு, பிரேக் ஸ்விட்ச் எப்போது மூடும், காந்த வட்டத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர். பத்து வரிகூட வராது. கூடவே ஒரு வரி: 'மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் பிரேக் லிவர் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.' இந்த ஒரு வரியை அச்சடித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தில் எனக்குக் கைதட்டு கிடைத்திருக்கும்.

தாளில் இன்னும் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட் என்ற எல்லைக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டர் என்ற எல்லைக்குள்ளும் அடங்கினால்தான் பதிவெண்ணும் லைசென்சும் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் 500, 750 வாட் கிட்டுகளும் வாங்கக் கிடைக்கின்றன. வாங்குகிற பையனுக்கு அது சைக்கிள். விபத்து நடந்தால், பதிவு செய்யாத மோட்டார் வாகனம். இன்சூரன்சும் இல்லை, வழக்கும் தலைமேல். இதைப் பெட்டியின்மேல் சொல்லாமல் விற்பது, பள்ளத்தை மூடாமல் மேலே பாய் விரிப்பது போல.

இன்னொன்று, பேட்டரி. 2022-ல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன்பின் மத்திய அரசு வாகன பேட்டரிகளுக்கான சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. என் கிட்டின் பேட்டரி எந்தச் சோதனையில் தேறியது என்று அதன் மேலுறையில் ஓர் எழுத்துகூட இல்லை. நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே, சோதனையில் தேறாத பேட்டரியோடு மின்சைக்கிளை விற்கக் கூடாது என்று அந்த நகரம் சட்டம் போட்டது. நம் சந்துகளில் வீட்டு வாசற்படியில்தான் வண்டி, வாசலுக்கு உள்ளேதான் சார்ஜர், அதை ஒட்டிப் பாய் போட்டுப் பிள்ளைகள் தூங்குவார்கள். ஓட வேறு வழி கிடையாது.

விற்பவர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். "தெரியாதவர்கள் பிரித்தால் ஆபத்து. அதனால்தான் ஒயர் படம் தருவதில்லை. பிரித்தால் வாரன்டி போகும் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்." இதில் பாதி உண்மை. பேட்டரியின் உறைக்குள் யாரும் கை வைக்கக் கூடாது, நானும் வைப்பதில்லை. அங்கே ஸ்பேனர் தவறி விழுந்தால் அதுவே உருகும். ஆனால் வெளியே இருக்கும் கனெக்டரில் மீட்டரின் இரண்டு முனைகளைத் தொட்டுப் பார்ப்பது பிரிப்பது ஆகாது, அது நாடி பார்ப்பது. என் சீட்டுக்கு அடியில் எரிந்த அந்த 40 வாட் சூட்டைக் கண்டுபிடித்தது ஸ்டிக்கர் இல்லை, மீட்டர். தெரியாதவன் கை வைப்பது ஆபத்து என்றால், அதற்கு மருந்து தெரியவைப்பது. மறைத்து வைத்தால் கை வைப்பவன் நிற்கப்போவதில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு கை வைப்பான்.

அரசு என்ன செய்யலாம்? மானியம் என்று எல்லோரும் சொல்வார்கள். டெல்லி அரசு 2022-ல் முதல் 10,000 மின்சைக்கிள்களுக்கு விலையில் கால் பங்கு, அதிகபட்சம் 5,500 ரூபாய் என்று மானியம் அறிவித்தது. வாங்க உதவுவது சரி. வாங்கியது ஆறு மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டால் மானியமும் சேர்ந்து துருப்பிடிக்கும். தமிழக அரசு 71 அரசு ஐடிஐ-க்களை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் நவீனமாக்கியிருக்கிறது. மின்வாகனத் தொழில்நுட்பமும் அங்கே கற்றுத்தருகிறார்கள். அங்கே படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பெரிய கம்பெனிக்குப் போகட்டும், வாழ்க. ஆனால் நம் தெருமுனை பாய்க்கு 55 வயது. அவர் எந்த ஐடிஐ-யில் போய்ச் சேர்வார்? ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை மூன்று மணி நேரம், கையில் ஒரு மீட்டர் கொடுத்து வகுப்பு நடத்தினால் போதும். சைக்கிள் கடைக்காரருக்கு மோட்டாரின் நாடி தெரிந்துவிட்டால், கோளாறின் இடமும் காரணமும் ஒரே கையில் வந்து சேரும்.

2022 டிசம்பர் 24-ல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாசலைத் திறந்தது. பண்ணைக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு வகை. மோட்டார் மாட்டிய சைக்கிளை இந்த நாலில் எதில் சேர்ப்பது? சைக்கிள் என்றால் வாகனம் இல்லை என்கிறது விதி. வாகனம் இல்லையென்றால் வாகனப் பட்டியலில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த பழுதுபார்ப்புச் சட்டத்தில், துணி துவைக்கும் இயந்திரத்தோடு மின்சைக்கிள் போன்ற, பேட்டரியால் ஓடும் இலகு வாகனங்களையும் சேர்த்திருக்கிறார்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற எல்லை அவர்களிடமும் நம்மிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லையில் ஒத்துப்போகிற நாம் உரிமையில் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

எனக்குப் பொறுமை குறைவு. சட்டம் வரும் வரை காத்திருக்கவில்லை. என் கிட்டை அளந்து, தண்ணீர் கேன் பையனுடையதை அளந்து, ஆசிரியருடையதை அளந்து, ஒரு நோட்டுத் தாளில் எண்களைத் தமிழில் எழுதினேன். எந்த எண் எந்தக் கிட்டுக்கு என்றும் குறித்தேன். லேமினேட் போட்டு பாய் கடைச் சுவரில், காற்றடிக்கும் பம்புக்கு மேலே ஒட்டினோம். ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு மீட்டரும் வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் அதைப் பஞ்சர் பசையோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இப்போது சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

போன வாரம் அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் மின்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாய், மோட்டாரு ஓடல. பேட்டரி மாத்தணும்னு சொல்றாங்க." பாய் மீட்டரை எடுக்கவில்லை. சுவரில் இருந்த தாளையும் பார்க்கவில்லை. குனிந்து, பிரேக் லிவரைப் பிடித்து, மெல்ல விட்டு, அது முழுசாகத் திரும்புகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பியது. அதற்கப்புறம்தான் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.